சங்கர் யானையின் சங்கிலியும் காப்பாளரின் ஒப்பந்தமும்

2025 செப்டம்பர் 17 அன்று டெல்லி தேசிய விலங்கியல் பூங்காவில் சங்கர் என்ற ஆப்பிரிக்க ஆண் யானை இறந்தது. அதற்கு வயது 29. காட்டில் அறுபது ஆண்டுகள் வரை வாழக்கூடிய இனம் அது. 1990களின் பிற்பகுதியில் ஜிம்பாப்வேயிலிருந்து அன்பளிப்பாக வந்த இரண்டு யானைகளில் ஒன்று. குடியரசுத் தலைவராக இருந்த சங்கர் தயாள் சர்மாவின் பெயரே அதற்கும் இடப்பட்டது. உடன் வந்த பெண் யானை இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே இறந்துவிட்டது. அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தன் இனத்தைச் சேர்ந்த இன்னோர் உயிரைக் காணாமலே சங்கர் வாழ்ந்தது. பெரும்பகுதி நேரம் காலில் சங்கிலி. நின்ற இடத்தில் நின்றபடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

உலக உயிரியல் பூங்காக்கள் சங்கம் 2024 அக்டோபரில் டெல்லி பூங்காவின் உறுப்பினர் தகுதியை நிறுத்தி வைத்த பிறகுதான் ஒன்றிய அரசு விழித்துக்கொண்டது. அமைச்சர் நேரில் வந்தார். சங்கிலி கழற்றப்பட்டது. வெளியிலிருந்து வல்லுநர்கள் வரவழைக்கப்பட்டனர். ஓராண்டு நிறைவதற்குள் யானை போய்விட்டது. வைரஸ் தொற்றே காரணம் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. எலிகள் வழியே பரவக்கூடிய வகையைச் சேர்ந்த வைரஸ் அது.

டெல்லி பூங்கா ஏதோ ஒரு மாவட்டத் தலைநகரில் நகராட்சி நடத்தும் காட்சிசாலை அல்ல. 1959 இல் திறக்கப்பட்டு, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் இயங்குவது. நாட்டின் அத்தனை உயிரியல் பூங்காக்களுக்கும் விதி வகுக்கும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையமும் அதே அமைச்சகத்தின் கீழ்தான் உள்ளது. யானைகளை உயிரியல் பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் வைத்திருக்கக் கூடாது, அவற்றை முகாம்களுக்கு மாற்ற வேண்டும் என்று அந்த ஆணையம் 2009 நவம்பரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்குப் பின்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சங்கர் அமைச்சகத்தின் சொந்தப் பூங்காவிலேயே தனியாக நின்றது. நியாயமற்ற நேரம், நியாயமற்ற வகையில் குறுகிய அல்லது கனத்த சங்கிலியால் விலங்கைக் கட்டி வைப்பது 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விளைவாகப் பிறந்த அச்சட்டத்தின் உச்ச அபராதத் தொகையை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எந்த அரசும் உயர்த்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு யானைக்காக இத்தனை பக்கங்களா என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. விளைபொருளுக்கு விலையில்லாமல் விவசாயி சாகிற நாட்டில், ஊரக வேலைக்கான கூலி மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கிற நாட்டில், கூண்டு விலங்குகளின் சலிப்பைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அந்தக் கேள்வியைப் புறந்தள்ள முடியாது. நியாயமான கோபத்திலிருந்து பிறக்கும் கேள்வி அது. ஆனால் அதற்கு விடை காணப் புறப்படுகிறவர், கூண்டின் கம்பிக்கு அப்பால் விலங்கைப் பார்ப்பதோடு நிற்க முடியாது. கம்பிக்கு இப்பால் கையில் வாளியோடு நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளியையும் பார்த்தாக வேண்டும். அவர் நம்முடைய ஆள். அவர் நிலையும் அந்த விலங்கின் நிலையும் ஒரே நிதிநிலை அறிக்கையில் ஒரே வரியில் தீர்மானிக்கப்படுகின்றன.

சலிப்பு என்பது நோய்

அறிவியல் சொல்வதை முதலில் பார்ப்போம். அடைத்து வைக்கப்பட்ட விலங்கு, உணவும் நீரும் மருந்தும் குறைவின்றிக் கிடைத்தாலும், தன் இயல்புக்குரிய செயல்களைச் செய்ய வழியில்லாதபோது சிதைகிறது. புலி கூண்டின் ஓரமாக ஒரே தடத்தில் மணிக்கணக்கில் நடக்கிறது. கரடி தலையைச் சுழற்றுகிறது. குரங்கு தன் மயிரையே பிடுங்குகிறது. யானை ஆடுகிறது. குழந்தைகளுக்குப் பெற்றோர் ‘ஆனை ஆடுது பார்’ என்று காட்டுவது எந்தப் பூங்காவிலும் காணக்கூடிய காட்சிதான். அங்கே ஆட்டம் ஏதும் நடக்கவில்லை. பயனற்ற ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த நிலையை விலங்கியலாளர்கள் மனச்சிதைவின் அடையாளமாகவே கருதுகிறார்கள்.

இதற்கு மாற்றாக வளர்ந்த முறைக்குச் சூழல் செறிவூட்டல் என்று பெயர். சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர் 1940களிலேயே, விலங்குக்கு இடத்தின் அளவை விட அந்த இடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்று வாதிட்டார். மரக்கட்டை, பாறை, குளம், ஒளிந்துகொள்ள மறைவிடம், தேடி எடுக்க வேண்டிய உணவு, புதிய வாசனை, சேர்ந்து வாழும் இனமாக இருந்தால் துணை: இவையே செறிவூட்டலின் உட்பொருள். 1960களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரோசன்ஸ்வைக் குழுவினர் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வில், ஏணியும் சக்கரமும் கூட்டாளிகளும் உள்ள கூண்டில் வளர்ந்தவற்றின் மூளைப் புறணி, வெறுங்கூண்டில் தனித்து வளர்ந்தவற்றினுடையதை விடத் தடித்திருந்தது. வெறுங்கூண்டு மூளையின் கட்டமைப்பையே குறைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1963 இல் க்ளென் ஜென்சன் என்ற உளவியலாளர் செய்த சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. எலியின் முன்னே கிண்ணம் நிறைய உணவு இருக்கிறது. பக்கத்தில் ஒரு நெம்புகோல். அழுத்தினால் ஒரு துண்டு உணவு விழும். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு எலிகளில் பெரும்பாலானவை நெம்புகோலை அழுத்தித் தம் உணவின் ஒரு பகுதியைத் தேடிக்கொண்டன. பின்னர் பல இனங்களிலும் இதுவே காணப்பட்டது. (வீட்டுப் பூனை மட்டும் பெரும்பாலும் விலக்கு. அது கிண்ணத்திலிருந்தே தின்கிறது.) குரங்கிலிருந்து மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கைப் பற்றி 1876 இல் எழுதிய எங்கெல்சின் வாரிசுகளுக்கு இந்த முடிவு வியப்பைத் தரக் கூடாது. மனித உழைப்பும் விலங்கின் செயலும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை. தேனீக்கும் கட்டடக் கலைஞருக்கும் இடையிலான வேறுபாட்டை மார்க்சிடம் படித்தவர்கள் நாம். ஆயினும், வயிறு நிரம்பியதோடு உயிரின் தேவை முடிந்துவிடுவதில்லை என்ற உண்மை இரு சாராருக்கும் பொதுவானது. தீவனத்தைப் போட்டுவிட்டோம், இனி என்ன குறை என்று கேட்கும் பூங்கா நிர்வாகத்தின் குரலும், ரேஷன் அரிசி கொடுத்துவிட்டோம், இனி என்ன குறை என்று கேட்கும் ஆட்சியாளரின் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருபவை.

நம் நாட்டு ஆய்வுகளும் உண்டு. அவந்தி மல்லாப்பூரும் ரவி செல்லமும் தென்னிந்தியாவின் நான்கு பூங்காக்களில் சிறுத்தைகளைக் கவனித்து 2002 இல் வெளியிட்ட ஆய்வுகள், வெறுமையான அடைப்பிடங்களில் பயனற்ற நடை கூடுதலாக இருப்பதையும், மரமும் கட்டையும் உள்ள இடங்களில் அவை அப்பகுதியை நாடிச் செல்வதையும் காட்டின. அந்த நடை பெரும்பாலும் அடைப்பிடத்தின் விளிம்பில்தான் நிகழ்ந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய அறிவியலாளர்கள், ஆறு இந்தியப் பூங்காக்களில் புலிகளையும் சிறுத்தைகளையும் ஆராய்ந்தனர். நடத்தையைக் குறித்துக்கொண்டதோடு, சாணத்தில் உள்ள ஹார்மோன் எச்சங்களை அளந்து உடல் அழுத்தத்தையும் கணக்கிட்டனர். குளம், மரம், கல் உள்ள பெரிய அடைப்பிடங்கள் நன்மை செய்கின்றன என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று: விலங்கிடம் பரிவோடு நடந்துகொள்ளும் காப்பாளர் உள்ள இடங்களில் விலங்குகளின் அழுத்தம் குறைவாக இருந்தது. அதாவது, கூண்டுக்குள் வைக்கும் பொருள்களின் பட்டியலில் காப்பாளர் என்ற மனிதரையும் சேர்த்தாக வேண்டும். புலியின் சாணமே அதற்குச் சாட்சி சொல்கிறது.

நிர்வாகங்கள் இந்த முடிவை எப்படிப் படிக்கும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. காப்பாளர்களுக்கு ‘மனப்பான்மை மேம்பாட்டுப் பயிற்சி முகாம்’ ஒரு நாள் நடக்கும், பதாகை கட்டப்படும், மதியச் சாப்பாட்டோடு சான்றிதழ் தரப்படும். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்து அந்தக் காப்பாளர் வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

செறிவூட்டல் என்பது சம்பளம்

செறிவூட்டலின் உள்ளிருக்கும் பொருளாதாரத்தைப் புரிந்துகொண்டால்தான் அது ஏன் நம் பூங்காக்களில் காகிதத்தோடு நிற்கிறது என்பது விளங்கும். விலங்கு எந்தப் புதுமைக்கும் சில நாட்களில் பழகிவிடும். திங்கட்கிழமை கட்டித் தொங்கவிட்ட சாக்குமூட்டையை வியாழக்கிழமை கரடி திரும்பிப் பார்ப்பதில்லை. இறைச்சியை ஒளித்து வைக்கும் இடத்தை மாற்ற வேண்டும், கட்டைகளை இடம் மாற்ற வேண்டும், கோடையில் பழங்களைப் பனிக்கட்டியில் உறைய வைத்துக் கொடுக்க வேண்டும், குரங்குக்குப் புதிய கயிறு கட்ட வேண்டும், மசாலாப் பொருள்களின் மணத்தை மரத்தில் தேய்க்க வேண்டும், என்ன செய்தது என்று குறித்து வைக்க வேண்டும். பொருள் செலவு சொற்பம். நேரம்தான் செலவு. விலங்கை உள்ளறைக்கு மாற்றிப் பூட்டிவிட்டு, அடைப்பிடத்துக்குள் சென்று வேலை செய்து, திரும்பி வந்து கதவைத் திறக்க ஒருவருக்கு இருவர் வேண்டும். அந்த விலங்கின் நடையையும் கண்ணையும் பார்த்து இன்று அதற்கு என்ன வேண்டும் என்று சொல்லும் காப்பாளர் வேண்டும். அந்த அறிவு பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது.

அரசுக் கணக்கில் சொன்னால், இது மூலதனச் செலவில் அடங்காது. ஆண்டுதோறும், மாதந்தோறும், நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும் தொடர்செலவு. நவதாராளமய ஆட்சிக்குப் பிடிக்காத செலவு இதுதான். நுழைவாயில் வளைவு கட்டலாம், டெண்டர் விடலாம். கண்ணாடிச் சுவர், பேட்டரி வண்டி, உணவகம், படமெடுத்துக்கொள்ளும் மேடை எல்லாவற்றுக்கும் டெண்டர் உண்டு, திறப்பு விழா உண்டு. ஒரு காப்பாளருக்கு நிரந்தரப் பணி கொடுத்தால் அதற்குத் திறப்பு விழா கிடையாது.

மும்பை பைகுல்லாப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 இல் சியோலிலிருந்து எட்டு ஹம்போல்ட் பென்குவின்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. குளிரூட்டப்பட்ட கூடத்துக்குக் கோடிகள் கொட்டப்பட்டன. சில மாதங்களில் அவற்றில் ஒன்று இறந்தது. தென் அமெரிக்கக் கடற்கரைப் பறவையை அரபிக்கடலோர வெப்பத்தில் வைத்துக் குளிரூட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது. நாட்டின் பல பூங்காக்களில் காலிப் பணியிடங்களை நிரப்பக் கேட்டால் நிதி இல்லை என்ற பதில் வருகிறது.

காலியிடங்கள் எப்படி நிரப்பப்படுகின்றன என்பது தொழிற்சங்கத் தோழர்களுக்குத் தெரியும். தினக்கூலி, ஒப்பந்தம், வெளிமுகமை. உமாதேவி வழக்கில் 2006 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, பல்லாண்டு பணியாற்றிய தற்காலிகத் தொழிலாளர் நிரந்தரம் கேட்டால் அந்தத் தீர்ப்பையே கேடயமாகப் பிடிப்பது அரசுகளின் வழக்கமாகிவிட்டது. புலியின் கூண்டுக்குள் செல்பவரின் வேலைக்கும் அலுவலக மேசை துடைப்பவரின் வேலைக்கும் ஒரே ஒப்பந்தப் படிவம். இருவருமே நிரந்தரத்துக்கு உரியவர்கள். ஒருவர் கூடுதலாக உயிரையும் பணயம் வைக்கிறார். 2017 அக்டோபரில் பெங்களூரு பன்னேர்கட்டாவில் ஒரு காப்பாளரை வெள்ளைப் புலிகள் கொன்றன. இத்தகைய சாவு நிகழும்போதெல்லாம் ‘காப்பாளரின் கவனக்குறைவு’ என்ற சொற்றொடர்தான் முதலில் வெளிவருகிறது. உடன் நிற்க இரண்டாவது ஆள் இருந்தாரா, கதவு பூட்டப்பட்டதை இன்னொருவர் சரிபார்க்கும் முறை நடைமுறையில் இருந்தா என்ற கேள்விகள் பின்னர் வருகின்றன, அல்லது வருவதே இல்லை. வெள்ளைப் புலி என்பதே ரீவா காட்டில் 1951 இல் பிடிபட்ட ஒரு குட்டியிலிருந்து தொடங்கி, நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்து பெருக்கப்பட்ட காட்சிப்பொருள் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். கூட்டம் சேர்க்கும் நிறம் அது. அதற்கு வேறு பயனில்லை.

வன்தாரா காட்டும் பாதை

பொதுத்துறை நலிவதற்கு முதலில் பட்டினி போடப்படும், பின்னர் அதன் மெலிவே தனியாருக்குக் கொடுப்பதற்குக் காரணமாகக் காட்டப்படும். தொலைத்தொடர்பில் கண்டோம், துறைமுகங்களில் கண்டோம். உயிரியல் பூங்காக்களில் இப்போது காண்கிறோம்.

குஜராத்தின் ஜாம்நகரில், ரிலையன்ஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகத்தை ஒட்டி, அம்பானி குடும்பம் வன்தாரா என்ற விலங்கு மையத்தை நடத்துகிறது. 2025 மார்ச் 4 அன்று பிரதமர் மோடி அதைத் திறந்து வைத்துச் சிங்கக்குட்டிக்குப் பால் புகட்டும் படங்கள் நாடெங்கும் பரவின. விலங்குகள் பெறப்பட்ட விதம் குறித்த புகார்களை ஆராய உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. குழு மீறல் எதுவும் இல்லை என்று கூறியது. நீதிமன்றம் அதை 2025 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. எனவே சட்ட மீறல் பற்றி இங்கே பேச்சில்லை. அங்கே யானைக்கு நீர்ச்சிகிச்சைக் குளம் உண்டு, சிறந்த மருத்துவமனை உண்டு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இருக்கட்டும். நாம் கேட்பது: டெல்லியில் அரசின் சொந்த யானைக்கு இல்லாத குளம் ஜாம்நகரில் எப்படி வந்தது? உழைப்பாளியிடமிருந்து உறிஞ்சப்பட்ட உபரியிலிருந்து வந்தது. அந்த உபரி வரியாக அரசுக்கு வந்திருந்தால், சட்டமன்றமும் நாடாளுமன்றமும் கேள்வி கேட்கக்கூடிய பூங்காக்களில் அது செலவாகியிருக்கும். நிறுவன வரி விகிதம் 2019 இல் 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரியில் விட்டுக்கொடுத்த தொகையின் ஒரு துளி, கொடையாகத் திரும்பி வருகிறது. கொடையாளியின் பெயர் பலகையில் ஏறுகிறது. 2013 நிறுவனச் சட்டத்தின் சமூகப் பொறுப்புப் பட்டியலில் விலங்கு நலனும் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

2025 ஜூலையில் கோலாப்பூர் அருகே நாந்தணி சமண மடத்தின் மாதுரி யானை நீதிமன்ற உத்தரவுப்படி வன்தாராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கினர். அக்குழுமத்தின் செல்போன் சேவையைப் புறக்கணித்தனர். மடத்தில் அந்த யானை நலமாக இருந்ததா என்பது தனிக் கேள்வி. இருந்தது என்று நான் வாதிட மாட்டேன். நோயுற்ற யானையை ஏற்றுப் பராமரிக்கத்தக்க அரசு மையம் மகாராஷ்டிரத்தில் ஏன் தயாராக இல்லை என்பதே அந்தப் போராட்டம் எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி. அதே ஆண்டில் டெல்லி பூங்காவையும் ஜாம்நகர் மையத்தையும் இணைக்கும் ஒப்பந்தம் பற்றிய செய்திகள் வெளிவந்தன. இது ஒப்படைப்பு அல்ல, அறிவுப் பகிர்வுதான் என்று அதிகாரிகள் விளக்கினர். அறிவுப் பகிர்வு என்று தொடங்கிய எத்தனையோ ஏற்பாடுகள் எங்கே போய் முடிந்தன என்பதை அறிந்தவர்கள் நாம்.

விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டங்களும் இந்தப் பாதையின் சிறு கிளைகளே. 2020 பெருந்தொற்று முடக்கத்தில் நுழைவுக் கட்டணம் நின்றவுடன் மைசூரு போன்ற பெரிய பூங்காவே நன்கொடையாளரை நாட வேண்டியிருந்தது. சீட்டு விற்றால் தீவனம் என்ற நிலையில் வைக்கப்பட்ட பூங்கா, கூட்டம் விரும்பும் விலங்கைத் தேடும். முள்ளம்பன்றிக்குக் கொடையாளி கிடைப்பதில்லை.

கூண்டையே உடைக்கலாமே?

எல்லாப் பூங்காக்களையும் மூடிவிடுங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. 2003 இல் ரோஸ் க்ளப், ஜார்ஜியா மேசன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, காட்டில் பரந்து திரியும் ஊனுண்ணிகளே அடைப்பில் மிகுதியாகச் சிதைகின்றன என்று காட்டியது. துருவக் கரடிக்குப் பூங்கா தரும் இடம், காட்டில் அதன் குறைந்தபட்ச நடமாட்டப் பரப்பில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2005 இல் ஸ்வைஸ்குட், ஷெப்பர்ட்சன் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செறிவூட்டல் அந்தப் பயனற்ற மீள்செயலைக் குறைத்தது ஏறத்தாழ பாதி நேர்வுகளில்தான். முற்றிலும் போக்கியது அரிது. யானைக்குத் துணைக்குப் பதிலாக எந்தப் பந்தும் இல்லை. சங்கர் போன்ற தனி யானைகளை எந்தச் செறிவூட்டலின் பெயராலும் பூங்காவில் வைத்திருக்கக் கூடாது.

இந்தச் சொல்லே மோசடியாகப் பயன்படுவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் முட்டைக்கோழிகளுக்கான வெறுங்கூண்டுகளைத் தடை செய்தது; ‘செறிவூட்டப்பட்ட கூண்டு’ என்ற பெயரில் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டரும் ஒரு தண்டும் ஒரு முட்டையிடும் மூலையும் கொடுத்துக் கூண்டைத் தொடர அனுமதித்தது. கூண்டு நிலைத்தது, பெயர் அழகானது. நம் நாட்டில் அந்த அளவு இடம்கூடக் கோழிக்குக் கிடைப்பதில்லை. நாமக்கல் முதல் ஆந்திரம் வரை உள்ள பண்ணைகளில் தாளொன்றின் பரப்பை விடச் சிறிய இடத்தில் அவை வாழ்நாளைக் கழிக்கின்றன. 2017 இல் சட்ட ஆணையம் தன் 269 ஆவது அறிக்கையில் இதைச் சீர்திருத்தப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை எங்கே தூங்குகிறதோ தெரியவில்லை.

ஆனாலும், மூடிவிட்டு எங்கே அனுப்புவது? சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைச் சர்க்கஸில் காட்டக் கூடாது என்ற 1998 ஆம் ஆண்டு அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2001 இல் உறுதி செய்தபோது, கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான சிங்கங்களும் புலிகளும் திருப்பதி, விசாகப்பட்டினம், பன்னேர்கட்டா, வண்டலூர் மீட்பு மையங்களுக்குச் சென்றன. கூண்டில் பிறந்த அவற்றைக் காட்டில் விட முடியாது. வாழ்நாள் முழுவதும் அடைப்பில்தான் கழிந்தது. அங்கே அவற்றுக்கு ஒரு கட்டையும் ஒரு குளமும் நல்ல காப்பாளரும் கிடைத்தார்களா என்பதுதான் அவற்றின் வாழ்க்கையில் கிடைக்கக்கூடிய ஒரே வேறுபாடு. எட்டு மணி நேர வேலைநாள் சோசலிசம் ஆகாது என்று சொல்லி நம் முன்னோர் மே தினத்தைக் கைவிடவில்லை. ஆலையை மக்களுடைமையாக்கும் நாள் வரும் வரை அதன் கழிப்பறை நாறட்டும் என்று எந்தச் சங்கமும் தீர்மானம் போட்டதில்லை.

தடை விதிப்போர் மறந்துவிடும் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் காலம் முதல் சர்க்கஸுக்குப் பெயர் பெற்ற தலச்சேரியின் கலைஞர்களும் கூடாரத் தொழிலாளர்களும், விலங்குகளுக்குக் கிடைத்த மீட்பு மையம் போன்ற ஒன்றை ஒருபோதும் பெறவில்லை. இதற்கு மாறாக, கரடியாட்டிப் பிழைத்த கலந்தர் சமூகத்தின் அனுபவம் ஓரளவு நம்பிக்கை தருகிறது. 1999 இல் ஆக்ரா அருகே கரடி மீட்பு மையம் தொடங்கப்பட்டது. கரடியை ஒப்படைத்தவருக்கு மாற்றுத் தொழில் தொடங்கப் பணம் தரப்பட்டது, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி செய்யப்பட்டது. 2009 டிசம்பரில் கடைசி ஆட்டக் கரடியும் தெருவிலிருந்து மீண்டது. மூக்கில் கயிறு துளைக்கப்பட்டு, பற்கள் உடைக்கப்பட்ட அந்தக் கரடிகளுக்கு அங்கே ஏறக் கட்டைகளும் தேடி எடுக்கத் தேனும் வைக்கப்படுகின்றன. ஏழையைச் சிறையில் தள்ளாமல் விலங்கை மீட்க முடியும் என்பதற்கு அது சான்று. அதைச் செய்தது ஒரு தொண்டு நிறுவனம். செய்திருக்க வேண்டியது அரசு. 1972 ஆம் ஆண்டிலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

நாம் கேட்க வேண்டியவை

டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்த் தோழர்களுக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே ஒரு பூங்கா இருக்கலாம். அடுத்த முறை பிள்ளைகளோடு போகும்போது காப்பாளரிடம் நின்று பேசுங்கள். எத்தனை அடைப்பிடங்களைப் பார்க்கிறார், எத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறார், சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது, ஈட்டுறுதியும் வைப்பு நிதியும் பிடிக்கிறார்களா, நாய்க்கடி, பூனைக்கீறல் ஊசிகளை அவர் சொந்தக் காசில் போட்டுக்கொள்கிறாரா என்று கேளுங்கள். அவர் சொல்வதில் சங்கம் அமைப்பதற்கான முதல் துண்டறிக்கை இருக்கும்.

2009 ஆம் ஆண்டின் உயிரியல் பூங்கா அங்கீகார விதிகள் அடைப்பிடங்கள் இயற்கைச் சூழலை ஒத்திருக்க வேண்டும் என்கின்றன. வாரத்தில் ஒரு நாள் பூங்கா பார்வையாளருக்கு மூடப்பட வேண்டும் என்றும் சொல்கின்றன. விலங்குகள் மனிதப் பார்வையிலிருந்து இளைப்பாறுவதற்கான அந்த நாளைத் துப்புரவுக்கும் பழுதுபார்ப்புக்கும் தொழிலாளியின் கூடுதல் வேலைநாளாக மாற்றியிருக்கும் பூங்காக்கள் எவை என்று கணக்கெடுக்க வேண்டும். நாட்டின் அங்கீகாரம் பெற்ற பூங்காக்கள் ஏறத்தாழ 150. ஒவ்வொன்றிலும் எத்தனை காப்பாளர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன, அவற்றில் நிரந்தரமாக நிரம்பியவை எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை, கடந்த ஐந்தாண்டில் பணியில் இறந்தோர், காயமுற்றோர் எத்தனை பேர், செறிவூட்டலுக்கெனத் தொடர்செலவுத் தலைப்பு உள்ளதா, தனித்து வைக்கப்பட்டுள்ள சமூக விலங்குகள் எவை என்ற ஆறு கேள்விகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். கிளைகள் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். வரும் பதில்களை நாடாளுமன்றத்தில் உள்ள நம் உறுப்பினர்களிடம் சேர்க்க வேண்டும். பதில் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம் உண்டு.